வாசல் தெளித்துக் கெடுத்த வழக்கு

பத்மா வேகன் ஒர்க்ஸ் தொழிலாளர் லைனில் பெண்கள் மழையில்லாத சித்திரையிலும் குடை எடுத்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போவார்கள். மொத்தம் எட்டுக் கக்கூஸ், ஒன்றுக்கும் கதவு கிடையாது. ஒரு காலத்தில் தகரக் கதவு இருந்தது. ரயில் வேகன் செய்த அந்தக் கம்பெனியை மூடின வருஷமே யாரோ அதையெல்லாம் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். உள்ளே போகிறவள் குடையை விரித்து வாசலுக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டும். இந்த மதராசி லைன் பெண்களுக்கு பெஹாலாவின் அந்தப் பக்கமெல்லாம் குடைக்காரிகள் என்று பெயர். பெங்காலிகள் குடை எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். தெரியாதவரைக்கும் நல்லது என்று ராஜம் நினைத்துக்கொள்வாள்.

ராஜம் அந்த லைனிலேயே பிறந்தவள். அவள் அப்பன் ஆரணிப் பக்கத்திலிருந்து ரிவெட் அடிக்க வந்தவன். புருஷன் ஏழுமலை வேகன்களின் வயிற்றில் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதினவன். கம்பெனி மூடிப் பதினாலு வருஷம் ஆகிறது. நம்பர் எழுதின கை இப்போது டாலிகஞ்சில் ஒரு அடுக்குமாடியின் கேட்டைத் திறந்து மூடுகிறது. ராஜம் இரண்டு பெங்காலி வீடுகளில் சமையல் செய்கிறாள். ஆலு போஸ்தோவும் மீன் ஜோலும் அவள் கையில் நன்றாக வரும். அந்த வீடுகளில் குழாயைத் திருகினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழும். அரிசி களைந்த தண்ணீரை அவள் அங்கே கீழே கொட்டும்போதெல்லாம் மனசு ஒரு தடவை கூசும்.

லைனில் அறுபத்திரண்டு வீட்டுக்கு ஒரே குழாய். அதன் பைப் திறந்த சாக்கடைக்குள்ளேயே படுத்துக்கொண்டு வருகிறது. கக்கூஸ் குழி நிறைந்து வழிவதும் அதே சாக்கடைக்குத்தான். பைப்பில் எங்கே ஓட்டை என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, குடத்தில் மூக்கை வைத்தால் போதும். குழாய் வாயில் துணி கட்டிப் பிடிப்பார்கள். பிடித்து முடித்துத் துணியை அவிழ்த்தால் அதில் சிவப்பு நூல் துண்டுகள் மாதிரிப் புழு நெளியும். துணியை உதறிவிட்டு அடுத்த குடத்துக்குக் கட்டுவார்கள். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மெட்ரோ தூணுக்கு அந்தப் பக்கம் பெங்காலிகள் குடியிருக்கும் பாடாவில் உள்ள குழாயடிக்குப் போக வேண்டும். அவர்கள் பிடித்து முடித்த பிறகு வீட்டுக்கு ஒரு குடம் விடுவார்கள். அதற்கும் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் அடுத்த வீட்டு வசந்தியின் மகள் சுபிக்ஷா செத்துப்போனாள். பிரசவத்துக்கு வந்த பெண், ஏழாம் மாதம். கண் மஞ்சளாயிற்று, மூன்றாம் நாள் நினைவு தப்பிற்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றே தாயும் பிள்ளையுமாக முடிந்துவிட்டது. மாசமாக இருக்கிறவளுக்குத் தண்ணீரால் வருகிற காமாலை எமன் என்று டாக்டர் சொன்னார். அந்தச் செய்தி பேப்பரில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியைப் பார்த்துவிட்டுத்தான் கௌஷிக் பாபு லைனுக்குள் வந்தார். முப்பது வயசு வக்கீல், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் கேஸ் நடத்துகிற ஒரு சங்கத்தில் இருப்பவர்.

"சுத்தமான தண்ணி, கதவு வெச்ச கக்கூஸ், இதெல்லாம் உயிர் வாழற உரிமைல சேர்ந்ததாம். கேஸ் போடலாம்னு சொல்றாரு" என்று ராஜத்தின் மகள் தேவிப்ரியா தமிழில் சொன்னாள். காலேஜ் படிக்கிற பெண், அவளுக்குத் தமிழைவிடப் பெங்காலி சுலபம்.

ஆம்பிளைகள் கையெழுத்துப் போட யோசித்தார்கள். கேஸ் போட்டால் இடத்துக்குச் சொந்தக்காரனான கம்பெனிக்காரன் குவார்ட்டர்ஸையே காலி பண்ணச் சொல்லிவிடுவான் என்றார்கள். அவ்வளவு தைரியசாலிகள். கடைசியில் பெண்கள் போட்டார்கள், முதல் பெயர் ராஜத்தினுடையது. அவளுக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. மகன் மணிவேல் சாந்த்ராகாச்சியில் பார்சல் குடோனில் வேலை, வாரத்துக்கு ஒரு தரம் வருவான். அவன் பெண்டாட்டி மகேஸ்வரிக்கு நாள் தள்ளியிருந்தது.

கோர்ட்டில் கம்பெனிக்காரர்கள் எல்லா வசதியும் இருப்பதாகச் சொன்னார்கள். இவர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். சரி, போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஜட்ஜ் ஒரு வயசான வக்கீலை ஸ்பெஷல் ஆபீசராகப் போட்டு அனுப்பினார்.

அவர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் கௌஷிக் பாபு போன் பண்ணித் தேவிப்ரியாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். எதையும் தொடாதீர்கள், எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

"எப்டிடி அப்டியே வுடறது?" என்றாள் ராஜம். "ஒரு பெரிய மனுஷன் வாசலுக்கு வராரு. சேறும் சகதியுமா கீறத காட்றதா?"

"மா, அதப் பாக்கத்தான் அவர் வராரு. பாத்திரத்தக்கூட கழுவாதீங்கன்னு சொன்னாரு."

"கழுவாத பாத்திரத்த பரப்பி வெச்சிக்கினு ஒரு ஆம்பள முன்னால நிக்கிறதுக்கு நாண்டுக்கினு சாவலாம்."

"கேஸ் ஜெயிக்கணுமா, வேணாமா?"

"ஜெயிக்கணும்."

"அப்போ சும்மா இரு. ஒரு நாள். ஒரே ஒரு நாள் மா."

"சரிடி. இருக்கேன்" என்றாள் ராஜம். லைனில் மற்றப் பெண்களுக்கும் அவள்தான் போய்ச் சொன்னாள். யாரும் விளக்குமாற்றைத் தொடக்கூடாது, அப்படியே கிடக்கட்டும் என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ஆனி மாதத் தொடக்கம். மழை இன்னும் இறங்கவில்லை, புழுக்கம் ஆளைப் பிழிந்தது. ஸ்பெஷல் ஆபீசர் வருகிற அன்று விடிகிற நேரத்தில் ராஜம் எழுந்து வாசலில் நின்று பார்த்தாள். சாக்கடை ஓரம் நாய் புரட்டிப் போட்ட குப்பை, அதில் ஈ. எதிர் வீட்டுப் பிள்ளை வெளிக்கு இருந்துவிட்டுப் போனது வாசலுக்கு இரண்டு அடி தள்ளிக் காய்ந்து கிடந்தது. அதை அந்த மனுஷன் மிதித்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தவுடன் உடம்பெல்லாம் கூசிற்று. அதை மட்டும் எடுத்துப் போட்டுவிடலாம் என்று தகரத் துண்டால் வழித்தாள். வழித்த இடம் அசிங்கமாக இருந்ததால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். ஊற்றின தண்ணீர் நாறியது, அதனால் ஒரு மூடி பினாயில் தெளித்தாள். தெளித்த பிறகு வாசல் வெறுமையாக இருந்தது. மகேஸ்வரி கதவுக்குப் பின்னால் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"குனியாதம்மா, நீ குடு" என்று வாங்கி ராஜமே நாலு இழை இழுத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் லைன் முழுவதும் முதுகுகள். ஒவ்வொருத்தியும் தன் வாசலை மட்டும், கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்று எழுந்திருக்கிறாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிடிபட்ட வெட்கம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரி ஆகிவிட்டது. சாக்கடையைக் குச்சியால் தள்ளிவிட்டார்கள். குழிக்கு மேலே பழைய தகர ஷீட்டை இழுத்துப் போட்டு அதன்மேல் துளசித் தொட்டி வைத்தார்கள். எட்டுக் கக்கூசையும் தேய்த்துக் கழுவி, கதவு இல்லாத வாசலுக்கெல்லாம் கயிறு கட்டித் துவைத்த புடவைகளைத் தொங்கவிட்டார்கள். வசந்தி பெட்டியைத் திறந்து சுபிக்ஷாவின் மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்து வந்து முதல் வாசலுக்குக் கட்டினாள்.

"இது எதுக்கு வசந்தி?" என்றாள் ராஜம்.

"பொட்டில கெடந்து இன்னா ஆவப் போவுது அக்கா. நம்ம கிட்ட கீறதிலேயே இதான் கிழியாதது."

தேவிப்ரியா எழுந்து வெளியே வந்தபோது ஊதுவத்தி வாசனை அடித்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "மா, என்ன பண்ணி வெச்சிருக்கே" என்றாள்.

பத்து மணிக்கு ஸ்பெஷல் ஆபீசர் வந்தார். வெள்ளை மீசை, கையில் பை, சாதுவான மனுஷர். கூடவே கம்பெனி ஆளும் வந்தான். அவன் கொண்டுவந்த வண்டியில் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் இருந்தது. லைனைப் பார்த்தான், வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னான், மூட்டையை இறக்காமலே வண்டி திரும்பிப் போயிற்று. அவன் முகத்தில் வந்த சிரிப்பை ராஜம் பார்த்தாள். அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

ஸ்பெஷல் ஆபீசர் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெங்காலிப் பாடாவில் கெஞ்சி வாங்கி வந்த தண்ணீரில் ராஜம் காபி போட்டு டவராவில் கொண்டுவந்து வைத்தாள், ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள். அவர் ரசித்துக் குடித்தார்.

"உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம், சொல்லுங்க" என்று பெங்காலியில் கேட்டார்.

அறுபது பெண்களும் அவர்களுக்குப் பின்னால் ஆம்பிளைகளும் நின்றார்கள். கம்பெனி ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படி ஒதுங்குகிறோம் என்பதை மீசை வைத்த ஒரு ஆம்பிளையிடம் எந்த வார்த்தையால் சொல்வது.

"சோலே ஜாய், பாபு" என்றாள். ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

தேவிப்ரியா கக்கூஸ் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட்டாள். அவர் எழுந்தார். ஆனால் வழியில் நின்ற பெண்கள் நகரவில்லை. ஒருத்தி தலைமுடியை முடிந்துகொண்டே, "அந்தப் பக்கம் வேணாம் பாபு, பொம்பளைங்க போற எடம்" என்றாள். மரியாதை தெரிந்த மனுஷர், தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

ரிப்போர்ட் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் மழை இறங்கி, சாக்கடை வாசலேறி, துளசித் தொட்டி தகர ஷீட்டோடு குழிக்குள் போயிருந்தது. கௌஷிக் பாபு டாலிகஞ்சில் தன் வீட்டு மாடி அறைக்கு ராஜத்தையும் தேவிப்ரியாவையும் வரச்சொல்லி அதைப் படித்துக் காட்டினார். நல்ல இங்கிலீஷ், பதினோரு பக்கம்.

தேவிப்ரியா வரி வரியாகத் தமிழில் சொன்னாள். "லைன் ரொம்பச் சுத்தமா இருக்காம். ஒவ்வொரு வாசல்லயும் அரிசி மாவுல கோலம் போட்டிருக்காம். வாசலெல்லாம் கழுவற அளவுக்குத் தண்ணி தாராளமா இருக்கறது தெரியுதாம். கக்கூசுக்கெல்லாம் கலர் கலரா திரை போட்டிருக்காம்."

"திரையா?"

"திரைன்னுதான் எழுதியிருக்கு." கௌஷிக் பாபு பக்கத்தைத் திருப்பினார். "குடுத்த தண்ணி தெளிவா, ருசியா இருந்துச்சாம். கஷ்டம் என்னன்னு கேட்டதுக்கு ஒண்ணும் பெரிசா இல்லன்னு முதல் மனுதாரர் சொன்னாங்களாம். மத்த பேருக்கெல்லாம் இந்த ஜனங்க எடுத்துக்காட்டாம்."

ராஜம் அந்தப் பக்கங்களையே பார்த்தாள். அந்த மனுஷர் ஒரு பொய்யும் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, நாக்கில் ருசித்ததை எழுதியிருக்கிறார். பொய் இவள் கையால் போட்டது. கோலமாவில் போட்டு, காபியில் கலக்கி, வசந்தியின் செத்த மகள் புடவையில் தொங்கவிட்டது. கம்பெனிக்காரன் இரண்டு மூட்டை பவுடர் கொட்டிச் செய்ய வேண்டிய வேலையை இவர்கள் கைக்காசில் பினாயில் வாங்கிச் செய்து முடித்திருக்கிறார்கள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கௌஷிக் பாபு கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தேவிப்ரியாவிடம் பேசினார். அவள் சொன்னாள்:

"அடுத்த வாரம் கேஸ் வருது. ரிப்போர்ட் இப்படி இருந்தா முடிச்சுக் கட்டிடுவாங்களாம். இவர் பேசினா வக்கீல் பேச்சுன்னு போயிடும். நீ நேர்ல வந்து சொன்னா ஜட்ஜ் கேப்பாங்கன்னு சொல்றாரு."

"இன்னான்னு சொல்றது?"

"இருக்கறத."

அன்று சாயங்காலம் ஏழுமலை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். கட்டிலுக்கு நாலு காலிலும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது, கீழே கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அதில் காலை வைக்காமல் கட்டில்மேலேயே அடுப்பு, கட்டில்மேலேயே சாப்பாடு.

"கோர்ட்ல போயி கக்கூஸ் பேச்சு பேசப் போறியா?" என்றான்.

"பேசாம இருந்ததாலதான இம்மாந்தூரம் வந்துச்சு."

"ஆம்பளைங்க நூறு பேரு உக்காந்திருப்பான். நம்ம பொம்பளைங்க எப்டி ஒதுங்கறாங்கன்னு அவனுங்களுக்குச் சொல்லுவியா? நாளைக்கு தேவிக்கு எடம் பாக்கணும். பொண்ணு வூடு எப்டின்னு கேட்டா, கோர்ட்டு ரெகார்டுலயே கீதுன்னு எடுத்துக் காட்டுவான்."

"எனக்கு எடமும் வேணாம் ஒண்ணும் வேணாம் நைனா" என்றாள் தேவிப்ரியா.

"நீ சும்மா இரு. ஏ ராஜம், நாப்பது வருஷமா இந்த லைன்ல எவன்கிட்டயாவது மானம் போற மாதிரி ஒரு வார்த்தை பேசியிருக்கமா?"

அவன் கேட்டது எல்லாமே ராஜம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதுதான். அந்த லைனில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து, யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் வீட்டுக்குள் வரலாம் என்பதுதான். அதைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் கொட்டச் சொல்கிறார்கள்.

கட்டிலிலேயே சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்த மகேஸ்வரி வாயைத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவள் மாமனார் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

"மாமா, இன்னியோட ஏழாம் மாசம்" என்றாள். "சுபிக்ஷா அக்கா மூணு நாள்தான் மஞ்சளா இருந்தாங்க. குழாயடிக்காரங்க நேத்து ஒரு குடம்கூட வுடல. நான் காலைலருந்து இந்தத் தண்ணியத்தான் காய்ச்சிக் குடிக்கிறேன். காய்ச்சுனா நாத்தம் போவல மாமா."

ஏழுமலை தட்டை இழுத்துப் பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ராஜத்தைப் பார்க்காமல், "கோர்ட்டுக்கு எந்த ரயிலு?" என்று கேட்டான்.

மாஜேர்ஹாட்டில் ரயில் ஏறி பி.பா.தீ. பாக் ஸ்டேஷனில் இறங்கித் தாயும் மகளும் மழையில் கோர்ட்டுக்கு நடந்து போனார்கள். பெரிய சிவப்புக் கட்டடம். உள்ளே கறுப்புக் கோட்டுகள் ஈரத்தில் நாறின. ராஜம் பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கௌஷிக் பாபு அதைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

கேஸ் கூப்பிட மத்தியானம் ஆயிற்று. ஜட்ஜ் ஒரு அம்மாள். ரிப்போர்ட்டைப் புரட்டிப் புன்னகை செய்தார். இந்த மாதிரி ஜனங்களைப் பார்ப்பது அபூர்வம் என்றார். கம்பெனி வக்கீல் எழுந்து குனிந்து ஆமோதித்தார். கௌஷிக் பாபு, முதல் மனுதாரரே வந்திருக்கிறார், இரண்டு நிமிஷம் கேட்க வேண்டும் என்றார்.

ஜட்ஜம்மா பெங்காலியில் அன்பாகவே கேட்டார். "இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களே. இந்த ரிப்போர்ட்ல எது பொய்?"

"எல்லாம் நெசம்தாம்மா" என்றாள் ராஜம். கடைத்தெருப் பெங்காலிதான் அவளுக்கு வரும். "நாங்க அன்னிக்குக் கழுவினோம். அன்னிக்கு மட்டும்."

"ஏன்?"

"நீங்க அனுப்பின மனுஷர் வராருன்னு."

பின்வரிசைகளில் சிரிப்பு வந்தது. ராஜம் முன்னால் இருந்த மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு இந்தத் தடவையும் ஒட்டியது. மகேஸ்வரி காய்ச்சின தண்ணீர் நினைவுக்கு வந்தது, ஒட்டின நாக்கைப் பிய்த்து எடுத்தாள்.

சொன்னாள். கதவு இல்லாததைச் சொன்னாள், குடையைச் சொன்னாள். குடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்காரும்போது கழுவிக்கொள்ள இன்னொரு கைதான் மிச்சம் என்பதைச் சொன்னாள். மாதவிலக்கில் துணி மாற்ற விடியற்காலையில் வேகன் ஷெட் இருட்டுக்குப் போவதையும், அங்கே கஞ்சா குடிக்கிறவர்கள் டார்ச் அடிப்பதையும் சொன்னாள். குழி வழிந்து எங்கே போகிறது, குடிக்கிற பைப் எதற்குள் கிடக்கிறது, துணியில் என்ன நெளிகிறது, மழையில் கட்டிலுக்குக் கீழே என்ன மிதக்கிறது என்று சொன்னாள். பெங்காலியில் நாகரிகமான வார்த்தைகள் அவளுக்குத் தெரியாது. தெரிந்த வார்த்தைகளைத்தான் போட்டாள். கம்பெனி வக்கீல் கைக்குட்டையை எடுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டார். சொன்னதற்கே நாறுகிறது அவருக்கு.

"திரைன்னு எழுதியிருக்காங்களே அம்மா, அது எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணோட கல்யாணப் புடவை. ஏழு மாசத்துல, அந்தத் தண்ணியால செத்துப்போச்சு. அவ அம்மா கொண்டாந்து கட்டினா, வரவங்க கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்னு. என் மருமகளுக்கு இப்போ ஏழாம் மாசம்."

சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதெல்லாம் கொதித்தது. நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. ஜட்ஜம்மா பேனாவை மூடி வைத்திருந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு கீழே இருந்த ஆளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அவன் டைப் அடித்தான். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

வெளி வராந்தாவில் தூணோரம் நின்று ராஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னடி எழுதுனாங்க?"

தேவிப்ரியா கௌஷிக் பாபுவைக் கேட்டாள். அவர் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார். அவள் அதைத் தமிழில் திருப்பினாள்.

"முதல் மனுதாரர் நேர்ல வந்து, ரிப்போர்ட்ல உள்ளது சரியில்லன்னு சொல்றாங்க. அதனால ரெண்டு வாரத்துல அஃபிடவிட் போடணும். பூஜா லீவு முடிஞ்சு கேஸ் வரும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மா."

"குடை?"

"அது இல்ல."

"சுபிக்ஷா?"

தேவிப்ரியா இல்லை என்று தலையை ஆட்டினாள். கௌஷிக் பாபு வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். கேஸ் சாகவில்லை, இது பெரிய விஷயம். வாயால் சொன்னதை எழுத மாட்டார்கள், அஃபிடவிட்டில் இருந்தால்தான் அது கோர்ட்டுக்குச் சொன்ன மாதிரி. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு உள்ளே இன்னொரு கேஸ் இருக்கிறது, கீழே டைப் அடிக்கிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருங்கள், வந்து சரிபார்க்கிறேன் என்றார்.

"லீவு முடியறதுக்குள்ள அண்ணிக்குப் பொறந்துடும் மா" என்றாள் தேவிப்ரியா மெதுவாக.

ராஜத்துக்கு வாயெல்லாம் கசந்தது. மானத்தை அவிழ்த்துக் கொட்டியாயிற்று, கொட்டினது ஒரு வரிகூடத் தேறவில்லை. காறித் துப்பலாம் என்றால் சுற்றிலும் கறுப்புக் கோட்டுகள். எச்சிலை விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் தார்பாய்க்குக் கீழே டைப் அடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மழை தார்பாயில் தொம்தொம்மென்று விழுந்தது. அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்த மனுஷருக்கு ஐம்பது வயசிருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்து லுச்சிப் பூரியும் ஆலு தம்மும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"என்ன கேஸ் மாஷிமா?" என்றார் பெங்காலியில்.

"தண்ணி கேஸ். கக்கூஸ் கேஸ்" என்றாள் ராஜம். ஈரப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க லைன்ல எட்டு கக்கூஸ். கதவு இல்ல. குழி ரொம்பி வழிஞ்சி, பீயெல்லாம் சாக்கடைல..."

அவர் வாய்க்குப் பக்கத்தில் போன லுச்சியை நிறுத்திவிட்டு இடது கையை உயர்த்தினார். முகம் சுருங்கிவிட்டது.

"கொஞ்சம் இருங்க. இந்தப் பேச்சை நான் சாப்பிட்டு முடிச்ச பிறகு பேசலாம்."

ராஜம் அவரைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"சாப்பிட்டுக்கினே கேளுங்க தாதா" என்றாள். "நாங்க அங்க உக்காந்துதான் சாப்பிடறோம்."